வயசான அப்பா அம்மா வண்டி ஓட்டுறாகளா? சாவியைப் புடுங்குறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க

எங்க வீட்டு கேட் தூண்ல தரையில இருந்து ரெண்டடி உயரத்துல ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருந்துச்சு, ஆடி மாசம் காரைக்குடிக்குப் பக்கத்துல எங்க ஊரு கோட்டையூருக்கு வந்தப்பதான் பாத்தேன், காரைச் சுத்தி வந்து பாத்தா இடது பக்கப் பின்கதவுல தூணோட காவி ஒட்டியிருக்கு. என்ன அப்பச்சி இதுன்னு கேட்டா (அப்பாவ நாங்க அப்பச்சின்னுதான் கூப்பிடுவோம்) "அது எப்பவோ பட்டது, விடு ஆத்தா"ன்னாக. அவுகளுக்கு 74 வயசு. அம்பாசிடர்ல எங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடின்னு சுத்திக் காமிச்சவுக, அவுகள்ட்ட போயி இனிமே ஓட்டாதீகன்னு எப்படிச் சொல்றது.

நான் அன்னைக்கு சாவியை எடுத்து பீரோல வச்சுப் பூட்டினேன். ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாவது நாள் டிவிஎஸ் எக்ஸெல்ல எடுத்துக்கிட்டு ஹெல்மெட்டும் இல்லாம மெயின் ரோட்டுல காரைக்குடி போயிட்டு வந்துட்டாக. கார்லயாவது நாலு பக்கமும் தகரம் இருந்துச்சு, நான் பண்ணுன வேலையால அதுவும் இல்லாமப் போச்சு. அப்புறம்தான் நிதானமா ஒவ்வொண்ணா செஞ்சோம், ஒரு வருஷம் ஆகப்போகுது. இந்த விஷயத்துக்கு நீங்க புதுசுன்னா, வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ இருந்துக்கிட்டு ஊர்ல அப்பா அம்மாவைப் பெரிய வீட்ல தனியா விட்டுட்டு வயித்துல நெருப்போட இருக்கீங்கன்னா, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கங்க. வயசைப் பத்திப் பேசாதீங்க. எந்த ரோடு, எந்த நேரம், எந்தத் திருப்பம்னு பேசுங்க. 80 வயசுல அருமையா ஓட்டுறவுக இருக்காக, 62ல கண்ணு போனவுகளும் இருக்காக. வயசைச் சொன்னா சண்டை வரும், ரோட்டைச் சொன்னா பேச்சு வரும்.

முதல் வேலை: ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க

அவுக எங்க போறாக, எத்தனை மணிக்கு, எந்த வண்டியில, எதுக்குன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. ஒளிஞ்சு பாத்து எழுத வேணாம், கேட்டே எழுதலாம், காபி குடிக்கும்போது இன்னைக்கு எங்கெங்க போனீகன்னு கேட்டா அவுகளே சொல்லுவாக. எங்க வீட்ல ஒரு வாரத்துக்கு 19 தடவை வந்துச்சு. அதுல 11 ஊருக்குள்ளயே, ஒரு கிலோமீட்டருக்குள்ள, பாலு, பேப்பர், மருந்துக்கடை, சிவன் கோயில். 4 தடவை காரைக்குடி பேங்கும் மார்க்கெட்டும். ரெண்டு விசேஷ வீடு, அதுல ஒண்ணு ராத்திரி சாப்பாடு முடிஞ்சு பத்து மணிக்குத் திரும்புறது. கார்த்திகைக்கு சாயங்காலம் குன்றக்குடி முருகன் கோயில் ஒண்ணு. மிச்சம் ஒண்ணு, பல்லவன் ரயிலுக்கு அத்தை மகனை ஏத்திவிட விடியுறதுக்கு முன்னாடி இருட்டுல காரைக்குடி ஜங்ஷன் போனது.

இந்த நோட்டைப் பாத்ததும்தான் எனக்குத் தெளிஞ்சது. 19 பயணத்துக்கும் நான் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன், ஆனா பயப்பட வேண்டியது மூணுக்குத்தான்: ராத்திரி விசேஷம், சாயங்காலம் குன்றக்குடி, விடியக்காலை ஸ்டேஷன். மூணுலயும் கண்ணுதான் பிரச்சினை. மூணுக்கு வேற வழி பண்ணிட்டா மிச்சம் 16ஐ அவுககிட்டயே விட்டுடலாம்.

அடுத்தது: பக்கத்துல உக்காந்து போங்க

அரை மணி நேரம் போதும். அவுக வழக்கமா போற ரோட்டுல, வழக்கமான நேரத்துல. வாயைத் திறக்காதீங்க, பாத்து பாத்துன்னு கத்துனா எந்த வயசுக்காரவுகளும் தடுமாறத்தான் செய்வாக. நீங்க கவனிக்க வேண்டியது: பிரேக்கை கடைசி நேரத்துல அடிக்கிறாகளா, வண்டி நடு ரோட்டுக்கோ ஓரத்துக்கோ இழுக்குதா, இண்டிகேட்டரைப் போட்டுட்டு அணைக்க மறக்குறாகளா, பின்னாடி வர்றவன் திரும்பத் திரும்ப ஹாரன் அடிக்கிறானா, முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் இடைவெளி சரியா இருக்கா. கார்னா காலைப் பாருங்க, ஆக்ஸிலேட்டர்ல இருந்து பிரேக்குக்கு பாதம் சட்டுன்னு போகுதா இல்ல தேடுதான்னு. பெடல் மாத்தி மிதிச்சு விபத்தாகுறது இளவட்டத்துக்கும் நடக்கும், ஆனா வயசாக வயசாகக் கூடும்.

இதுல ரெண்டு விஷயம் மட்டும் தனி. 40 வருஷமா போற ரோட்டுல எங்க திரும்பணும்னு தெரியாம நின்னாகன்னா, இல்ல ஓட்டும்போது கண்ணு இருட்டிடுச்சு மயக்கம் வந்துச்சுன்னு சொன்னாகன்னா, அன்னைக்கே வண்டியை நிறுத்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அங்க பேச்சுவார்த்தைக்கு இடம் இல்ல. மத்த எல்லாத்தையும் மெதுவா சரி பண்ணலாம்.

வீட்லயே செய்யுற மூணு பரிசோதனை

கண்ணு: லைசென்ஸுக்கான படிவத்துலயே இருக்கற கேள்விதான் இது, நல்ல பகல் வெளிச்சத்துல 25 மீட்டர் தள்ளி நிக்கிற காரோட நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா, கண்ணாடி போடுறவுகளா இருந்தா போட்டுக்கிட்டு. 25 மீட்டர்ங்கிறது 82 அடி. நம்ம ஊர் வீட்டுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, முகப்புல இருந்து வளவு (நடு முற்றம்) தாண்டி பின்கட்டு வரைக்கும் வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கும், ஆனா உள்ள வெளிச்சம் பத்தாது, அதனால தெருவுலயே பண்ணுங்க. பெரிய எட்டா 33 எட்டு வச்சா கிட்டத்தட்ட வந்துடும். தெரிஞ்ச வண்டி வேணாம், நம்பர் மனப்பாடமா இருக்கும். ஒரு கண்ணை மூடி ஒண்ணு, அடுத்த கண்ணை மூடி ஒண்ணு. எங்க அப்பச்சி ரெண்டு கண்ணும் திறந்து கடகடன்னு படிச்சாக, இடது கண்ணை மட்டும் வச்சுப் படிக்கச் சொன்னப்ப நம்பர் பிளேட்டே மங்கலாத் தெரியுதுன்னாக. அவுகளுக்கே அதிர்ச்சி. வலது கண்ணு ரெண்டு கண்ணு வேலையையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. கேட் தூணு எந்தப் பக்கம் இடிச்சதுன்னு நெனச்சுப் பாருங்க, இடது பக்கம்.

காலு: பட்டாலையில (கூடத்துல) தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு, அதான் ஆத்தங்குடி டைல்ஸ், போட்டிருக்கா? எட்டு இஞ்சு கல்லுன்னா 15 கல்லு சரியா 10 அடி, பத்து இஞ்சுக் கல்லுன்னா 12. அந்த 10 அடியை எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா நடந்து போய்த் திரும்பி வரச் சொல்லுங்க, ஓட வேணாம், கம்பு வச்சு நடக்குறவுக கம்போடயே நடக்கலாம். போனுல நேரம் பாருங்க. போக வர சேத்து 9 விநாடிக்கு மேல ஆனா காலோட வேகம் பிரேக்குக்குப் பத்தாம இருக்கலாம்னு டாக்டர்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. தாண்டிட்டாகன்னு உடனே வண்டியை நிறுத்தணும்னு இல்ல, மூட்டு வலியா, பாதம் மரத்துப் போகுதான்னு காட்டணும். சுகர் இருக்கவுகளுக்கு பாதத்துல உணர்ச்சி குறைஞ்சு பெடல்ல எவ்வளவு அழுத்துறோம்னே தெரியாமப் போகும்.

கழுத்து: சேர்ல நேரா உக்கார வச்சு, உடம்பைத் திருப்பாம கழுத்தை மட்டும் திருப்பி பின்னாடி பக்கவாட்டுல நிக்கிற உங்க கையில எத்தனை விரல்னு கேளுங்க, ரெண்டு பக்கமும். முடியலன்னா வண்டியைத் திருப்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் பாக்காமயே எடுக்குறாகன்னு அர்த்தம். ஒரு மாசம் கழுத்துக்குப் பயிற்சி செஞ்சாலே நல்லா மாறும், பிசியோதெரபிக்காரவுக சொல்லித் தருவாங்க.

டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்

கண் டாக்டர்கிட்ட சும்மா பவர் செக் பண்ணிட்டு வந்துடாதீங்க. புரை, கண்ணழுத்தம், சுகர் இருந்தா விழித்திரை, இந்த மூணையும் பாக்கச் சொல்லுங்க, வண்டி ஓட்டுறாகன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. கண்ணழுத்த நோய்ல பக்கவாட்டுப் பார்வைதான் முதல்ல போகும், நேர்ப் பார்வை நல்லா இருக்கும், அதனால பேப்பர் படிக்கிறேனே எனக்கென்னன்னு இருப்பாக, ஆனா சந்துல இருந்து சைக்கிள் வர்றது தெரியாது. எங்களுக்கு இடது கண்ணுல புரை முத்தியிருந்துச்சு. மதுரையில ஆபரேஷன் பண்ணுனோம், டாக்டர் ஓட்டலாம்னு சொல்றவரைக்கும் சாவியை அப்பச்சியே எங்க அம்மாகிட்டக் குடுத்துட்டாக. நான் பூட்டி வச்சதுக்கும் அவுகளாக் குடுத்ததுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

அடுத்து மாத்திரை. எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு அப்படியே கொண்டு போங்க, தானா மெடிக்கல்ல வாங்குன சளி மாத்திரை உட்பட. சளிக்கு, அரிப்புக்குக் குடுக்குற சில மாத்திரை, தூக்க மாத்திரை, கால் எரிச்சலுக்குக் குடுக்குற காபாபென்டின், ப்ரீகாபலின் மாதிரி மாத்திரை எல்லாம் தூக்கத்தையும் கிறுகிறுப்பையும் குடுக்கும். ப்ராஸ்டேட்டுக்கும் பிரஷருக்கும் குடுக்குற சில மாத்திரை எந்திரிச்ச உடனே தலை சுத்த வைக்கும். எதையும் நீங்களா நிறுத்திடாதீங்க, நேரத்தை மாத்த முடியுமான்னு கேளுங்க.

இதுல நம்ம பக்கத்துக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு, விரதம். கார்த்திகை, சஷ்டின்னு காலையில வெறும் வயித்துல கிளம்பிடுறாக, ஆனா சுகர் மாத்திரையை மறக்காமப் போட்டுடுறாக. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவுகளுக்கு சாப்பிடாம இருந்தா சுகர் இறங்கிடும், 70க்குக் கீழ போனா கை நடுக்கம், வேர்வை, அப்புறம் யோசனையே குழம்பும். குழம்புன பிறகு தனக்கு முடியலன்னு அவுகளுக்கே தெரியாது. அதனால கிளம்பும் முன்னாடி விரல்ல குத்தி சுகர் பாக்கட்டும், 90க்குக் கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டுத்தான் சாவி. வண்டியில எப்பவும் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கணும். ஓட்டும்போது வந்துட்டா ஓரமா நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, மூணு ஸ்பூன் சர்க்கரை அளவுக்கு இனிப்பு. சுகர் ஏறினாலும் மூளை தெளிய முக்கால் மணி நேரம் பிடிக்கும், அதுவரைக்கும் வண்டியை எடுக்கக்கூடாது. விரத நாள்ல யாரையாவது ஓட்டச் சொல்றதுதான் நல்லது, முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

லைசென்ஸு

இது சுருக்கமா. 2019ல சட்டம் திருத்துன பிறகு 55 வயசுக்கு மேல புதுப்பிச்சா ஒவ்வொரு தடவையும் 5 வருஷம்தான் செல்லும். முடியுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே புதுப்பிக்கலாம், முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆயிட்டா திரும்ப டெஸ்ட், எட்டு போட்டுக் காட்டணும். முன்னாடி தேதி முடிஞ்சாலும் 30 நாள் செல்லும்னு இருந்துச்சு, அதை எடுத்துட்டாங்க, அதனால முடிஞ்ச மறுநாளே லைசென்ஸ் இல்லாத ஆளுதான், அந்த நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்ல பெரிய தலைவலி. அரசாங்கத்தோட பரிவாகன் சாரதி இணையதளத்துல விண்ணப்பம் போடலாம். 40 தாண்டினவுகளுக்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ, அதாவது மருத்துவச் சான்று, வேணும்.

அந்தப் படிவத்தைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். போன தடவை அப்பச்சிக்கு ஒரு டாக்டர் ஆளை நிமிந்து கூடப் பாக்காம ரெண்டு நிமிஷத்துல சீல் வச்சுக் குடுத்தாரு. கண்ணை அன்னைக்கே பாத்திருந்தா புரை அப்பவே தெரிஞ்சிருக்கும். அந்தக் காகிதம் அப்பச்சியோட உசுருக்கும் எதுத்தாப்புல வர்றவன் உசுருக்கும் போடுற கையெழுத்து. அதை உண்மையாவே சோதிச்சுப் போடுற டாக்டர்கிட்ட போங்க. சிங்கப்பூர்ல 65 வயசானா மெடிக்கல் இல்லாம லைசென்ஸ் தொடராது, ஜப்பான்ல 75 தாண்டினா புதுப்பிக்கும்போது ஞாபகசக்திக்கே டெஸ்ட் வைக்கிறாங்க. இங்க அந்தச் சோதனையை வீட்ல இருக்கற நாமதான் செய்யணும்.

நம்ம ஊர் ரோட்டுல எது வயசானவுகளுக்குக் கஷ்டம்

வயசானவுக பெரும்பாலும் வேகமாப் போயி இடிக்கிறதில்ல. அவுகளுக்கு ஆபத்து வர்ற இடம் முக்கு, சந்திப்பு, அதுலயும் வலது பக்கம் திரும்புற இடம். ஏன்னா அங்க ஒரே நேரத்துல நாலு வேலை: எதுத்தாப்புல வர்ற வண்டி எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம்னு கணிக்கணும், பின்னாடி பாக்கணும், நடந்து போறவுகளப் பாக்கணும், சரியான நேரத்துல எடுக்கணும். 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பஸ்ஸு ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல வந்துடும். முடிவெடுக்க ஒரு விநாடி கூட ஆச்சுன்னா அவ்வளவு தூரம் போச்சு.

இதோட நம்ம ஊர்த் தெரு அமைப்பையும் சேத்துக்கங்க. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை எங்க பாத்தாலும் தெரு கட்டம் கட்டமா நேரா இருக்கும், ஒவ்வொரு முக்குலயும் ரெண்டாள் உசரத்துக்கு மேல வீட்டுச் சுவர். தெரு நேரா இருக்கேன்னு எல்லாரும் வேகமா வருவாங்க, ஆனா குறுக்குத் தெருவுல என்ன வருதுன்னு முக்குக்கு வந்தாத்தான் தெரியும். கார்ல நாம உக்காந்திருக்கற இடத்துக்கு முன்னாடி நாலஞ்சு அடி பானெட்டு இருக்கு, நம்ம கண்ணு சுவரைத் தாண்டுறதுக்கு முன்னாடி பானெட்டு குறுக்குத் தெருவுல போயி நிக்கும். எங்க அப்பச்சி பால்காரர் சைக்கிள் மேல இடிக்காம மயிரிழையில தப்பிச்சது இப்படி ஒரு முக்குலதான், பால் கேன் மட்டும் உருண்டுச்சு.

அதனால நாங்க பழக்கிக்கிட்டது: முக்குக்கு பத்தடி முன்னாடியே முழுசா நிறுத்தணும், ரெண்டு தடவை ஹாரன், ஜன்னல் கண்ணாடியை இறக்கி பாட்டை நிறுத்தி காதால கேக்கணும், அப்புறம் முதல் கியர்ல ஊந்து போகணும். பேட்டரி வண்டிக்கு சத்தமே வராது, அதனால காதை மட்டும் நம்பக்கூடாது. எங்க தெரு முக்குல நாலு வீட்டுக்காரவுக காசு போட்டு அனுமதி கேட்டு ஒரு குவி கண்ணாடி மாட்டினோம், மலை ரோட்டுல வளைவுல இருக்குமே அது. அதுல இருந்து அந்த முக்குல ஒரு உரசல் கூட இல்ல.

வலது திருப்பத்துக்கு இன்னொரு வழி. தெரு கட்டமா இருக்கறதால சந்திப்புல வலது திரும்பாம நேராப் போயி, மூணு தடவை இடது திரும்பினா அதே ரோட்டுக்கு வந்துடலாம். கடைசியா ஒரு இடத்துல நேராக் கடக்கணும், ஆனா வலது திரும்புறதைவிட அது லேசு, அவசரப்படாம நின்னு போகலாம். அப்பச்சிக்கு முதல்ல ஏத்துக்க மனசில்ல, சுத்திப் போறதான்னாக. ரெண்டு நாள் கூடவே போனேன், மூணு நிமிஷம்தான் கூட ஆகுது. இப்ப அவுகளே மார்க்கெட்டுக்கு அப்படித்தான் போறாக. மெயின் ரோட்டுல ஏற வேண்டியிருந்தா சிக்னலோ போலீஸோ நிக்கிற இடமாப் பாத்து ஏறுங்க, நூறு மீட்டர் சுத்துனாலும் பரவால்ல.

வெயில்: காரைக்குடியில இருந்து குன்றக்குடி மேக்கால இருக்கு. சாயங்காலம் போனா சூரியன் நேரா மூஞ்சியில அடிக்கும், காலையில போனா போகும்போது முதுகுல, ஏழு மணி வாக்குல திரும்பும்போது மூஞ்சியில. புரை ஆரம்பிச்ச கண்ணுக்கு அந்த வெயில்ல முன்னாடி நடந்து போறவுக மறைஞ்சே போயிடுவாக. காலையில போயி ஒன்பதரைக்கு மேல திரும்பலாம், தரிசனமும் நிதானமா ஆகும். இல்லன்னா முன்கண்ணாடியையாவது துடைங்க, நம்ம செம்மண் புழுதி வெளியில மட்டும் இல்ல உள்பக்கமும் படியும், அதுல வெயில் பட்டா பனி மூட்டம் மாதிரி ஆயிடும்.

ராத்திரி: 60 வயசுக் கண்ணுக்குள்ள, 20 வயசுக் கண்ணுக்குப் போற வெளிச்சத்துல மூணுல ஒரு பங்குதான் போய்ச் சேரும். எதுத்தாப்புல எல்ஈடி லைட் அடிச்சா கண்ணு தெளியவும் கூட நேரம் ஆகும், அந்த நேரத்துல கண்மாய்க்கரை ரோட்டுல மாடு படுத்திருந்தாலோ லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர் நின்னாலோ என்ன ஆகும். மாட்டிக்கிட்டா எதிர் லைட்டைப் பாக்காம ரோட்டோட இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாத்துப் போகணும். மஞ்சள் கண்ணாடி போட்டா ராத்திரி நல்லாத் தெரியும்னு விக்கிறாங்க, வாங்காதீங்க, உள்ள வர்ற கொஞ்ச வெளிச்சத்தையும் அது கொறைக்கும். என்னோட தீர்மானம் சுருக்கம்தான், 70க்கு மேல ராத்திரி ஊருக்கு வெளிய ஓட்டவே வேணாம்.

தை மாசம் தனி. தைப்பூசத்துக்கு முன்னாடி பழனிக்கு நடக்குறவுக குன்றக்குடி, திருப்பத்தூர் ரோடு முழுக்க விடியுறதுக்கு முன்னாடியே கூட்டங்கூட்டமாப் போவாக, பொங்கலுக்கு அப்புறம் சிராவயல் மஞ்சுவிரட்டு நாள்ல அந்தப் பக்கமே வண்டி நகராது. அந்த நாட்களைக் காலண்டர்ல சுழிச்சு வச்சுடுங்க, அன்னைக்கு வண்டி கொட்டகையிலயே இருக்கட்டும்.

வண்டியில செய்ய வேண்டியது

கார்னா சீட்டை ஏத்துங்க, ஸ்டியரிங் வளையத்துக்கு மேல மூணு இஞ்சு உயரத்துல கண்ணு இருக்கணும், வயசானா உயரம் குறையும்ல, பழைய சீட்டு அளவு இப்ப சரி வராது. நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் 10 இஞ்சு இடைவெளி, ஏர்பேக் வெடிச்சா அடி படாம இருக்க. லூசான ரப்பர் செருப்பு வேணாம், பின்வார் வச்சது போடட்டும். புதுசா வாங்குறதா இருந்தா ஆட்டோமேட்டிக் நல்லதுதான், ஆனா 45 வருஷம் கிளட்ச் மிதிச்ச காலுக்கு அது பழக ரெண்டு மாசம் ஆகும், பொட்டல்ல வச்சுப் பழக்காம ரோட்டுல விடாதீங்க.

எக்ஸெல்லு, ஸ்கூட்டர்னா ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹெல்மெட், தாடைப் பட்டையை மாட்டி. பக்கத்துத் தெருவுக்குத்தானேன்னு போறப்பதான் விழுறாக. பின்னாடி உக்கார்ற அம்மாவுக்கும் ஹெல்மெட் வேணும், சேலைக்கு சேலை கார்டு வேணும். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஏறச் சொல்லுங்க.

வேற வழி பண்ணிட்டுத்தான் பேசணும்

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது இதுதான். மூணு பயணத்தைக் குறைங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த மூணுக்கும் மாத்து ஏற்பாடு கையில இருக்கணும். பூட்டுன பீரோவுக்கு முன்னாடி நின்னு அப்பச்சி என்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு, "என்னைய இவ்வளவு பெரிய வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டப் போறியா ஆத்தா." 20 பேர் இருந்த வீட்ல இப்ப ரெண்டு பேரு. அந்த வண்டிதான் அவுகளுக்கு ஊரு, கோயிலு, கூட்டாளி, விசேஷம் எல்லாம்.

நாங்க பண்ணுனது: தெரிஞ்ச ஆட்டோத் தம்பி ஒருத்தர்கிட்ட மாசக் கணக்கு. ஒவ்வொரு சவாரியும் ஒரு சின்ன நோட்டுல, மாசக் கடைசியில அப்பச்சி தன் கையால காசு குடுப்பாக. நான் ஜிபே பண்றேன்னு சொன்னதை வேணாம்னுட்டாக, அது சரிதான், தன் காசுல தான் போற மாதிரி இருக்கணும். ராத்திரி விசேஷத்துக்கு ஆக்டிங் டிரைவர், நம்ம கார்தான், அப்பச்சி முன்சீட்டுல உக்காந்துக்குவாக, வழியும் அவுகதான் சொல்லுவாக. ஸ்டேஷனுக்குப் போறவுக ஆட்டோவுல போகட்டும், அப்பச்சி முகப்புல நின்னு வழியனுப்புனாப் போதும்னு எல்லா சொந்தத்துக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். அம்மாவுக்கு டவுன் பஸ்ஸுல 2021ல இருந்து டிக்கெட் கிடையாது, காரைக்குடிக்கு அவுக பஸ்ஸுலயே போயிட்டு வந்துடுறாக.

பேசுற ஆளும் முக்கியம். மருமகனோ மருமகளோ சொன்னா மானப் பிரச்சினை ஆயிடும். கண் டாக்டர் சொல்லலாம், கூடப் படிச்ச கூட்டாளி சொல்லலாம். சபையில, நாலு பேர் முன்னாடி சொல்லவே கூடாது. எழுதுன நோட்டை முன்னாடி வச்சு, இந்த 16ம் உங்களோடது, இந்த மூணுக்கு மட்டும் என்ன பண்ணலாம்னு கேளுங்க. முடிவை அவுக வாயால சொல்ல விடுங்க.

ஒருவேளை விழுந்துட்டா

சின்ன அடிதான்னு விட்டுடாதீங்க. அதே மோதல்ல இளவட்டம் எந்திரிச்சு நடந்து போயிடும், வயசானவுகளுக்கு இடுப்பும் விலாவும் உடையும். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவுக தலையில லேசா இடிச்சிருந்தாக்கூட அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், மூளைக்கு மேல ரத்தம் மெல்லக் கசிஞ்சு சில நாள், சில வாரம் கழிச்சுக்கூடத் தெரியலாம், தலைவலி, பேச்சுக் குழறல், தூங்கிக்கிட்டே இருக்கறதுன்னு. 108ஐக் கூப்பிடுங்க. நம்மைக் காக்கும் 48 திட்டத்துல, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது, விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு சேத்திருக்கற ஆஸ்பத்திரிகள்ல காசு கட்ட வேணாம், தனியார் ஆஸ்பத்திரியும் அதுல இருக்கு. லைசென்ஸுக்குப் பின்னாடி ஒரு சீட்டுல சாப்பிடுற மாத்திரை, ரத்த வகை, உங்க நம்பர் மூணையும் எழுதி வச்சுடுங்க.

இதெல்லாம் ஒரு தடவை செஞ்சு முடிக்கிற வேலை இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா நம்பர் பிளேட்டு, ஆத்தங்குடிக் கல்லு, கழுத்து மூணையும் திரும்பப் பாக்கணும். நாங்க தையும் ஆடியும்னு வச்சிருக்கோம், தையில பாத்தப்ப அப்பச்சி இடது கண்ணால நம்பரை முழுசாப் படிச்சாக, நடை எட்டு விநாடி. வலது கண்ணுலயும் புரை ஆரம்பிக்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, ஐப்பசி மழைக்கு முன்னாடி அதையும் முடிச்சுடலாம்னு அவுகளே தேதி கேட்டு வச்சிருக்காக.